கெப் வாகனத்தின் முன் ஸ்வே பாரைக் கழற்றுவது எப்படி?

மாரி மழை ஓய்ந்ததும் திருகோணமலைக் காட்டுப் பாதைகளில் ட்ரக்டர் சில்லு கிழித்த பள்ளங்கள் அப்படியே இறுகிவிடும். அவற்றைக் குறுக்காகக் கடக்கையில் ஒரு முன்சில்லு மேலேற, மற்றது அந்தரத்தில் தொங்கும். வண்டி அதிகம் சாயாதபடி இரு பக்கத்தையும் பிணைக்கும் இரும்புத் தண்டான ஸ்வே பார் அதற்கு ஒரு காரணம்: ஏறும் சில்லு மற்றதையும் கூடவே தூக்கப் பார்க்கும். கழற்றினால் தொங்கும் சில்லு சற்றே கூடுதலாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். ஹைலக்ஸ் போல முன்சில்லுகள் தனித்தனியே அசையும் வண்டிகளில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். குச்சவெளிக் கடற்கரை மணலுக்கென்றால் பாரைத் தொடவே தேவையில்லை. ரயரில் காற்றைக் குறையுங்கள்.

தேவை: 14, 17, 19 ஸ்பானர்கள், 5, 6 மி.மீ. அலன் கீ, துரு இளக்கும் ஸ்பிரே, தடித்த நைலோன் பட்டி. கடற்காற்றில் நட் இறுகியிருக்கும். முதல்நாள் இரவே மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து ஸ்பிரே அடியுங்கள்.

1. சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, சில்லுகளுக்கு முட்டுக் கொடுங்கள். முன்சில்லுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் ஜாக் அடித்தால் பார் முறுகி நிற்கும். நட் கழன்றதும் லிங்க் (பாரின் முனையைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி) துள்ளிக் கையில் அடிக்கும். வண்டியை உயர்த்துவதென்றால் சேசிசின் இரு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக்கூடாது.

2. ஒரு பக்க லிங்கின் நட்டைக் கழற்றுங்கள். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (நட் ஏறும் மரைத்தண்டு) சுழன்றால், அதன் நுனியிலுள்ள அறுகோணக் குழியில் அலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். குழி தேய்ந்துவிட்டால் நட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது லிங்க் போடுவதே வழி.

3. மற்றப் பக்க லிங்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் தளர்ந்த முனை ஆடி ரயரிலோ பிரேக் ஹோஸிலோ இடிக்கும்.

4. பாரை மேலே தூக்கி நைலோன் பட்டியால் கட்டுங்கள். கம்பி வேண்டாம், அது உராய்ந்து வெட்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ரயர், சீவி பூட் (முன் அச்சு மூட்டின் றப்பர் உறை), பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் எதிலும் பார் முட்டவில்லையா என்று பாருங்கள். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியென்றால் சில்லு முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

பார் இல்லாமல் மெதுவாகத்தான் ஓட வேண்டும். கூரையில் சாமான் ஏற்றாதீர்கள். தார் றோட்டில் ஏறுமுன் கட்டாயம் திரும்பப் பூட்டுங்கள்: நிலாவெளி வீதியில் மாடு குறுக்கே வர, ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டினால் வண்டி பயங்கரமாகச் சாயும், புரளவும் கூடும்.

பூட்டும்போது றப்பர் புஷ் உள்ள லிங்க்கென்றால், வண்டியின் பாரம் சில்லில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுங்கள். அந்தரத்தில் இறுக்கினால் றப்பர் முறுகி விரைவில் கிழியும். புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் பூசாதீர்கள், றப்பர் ஊதிவிடும். சிலிக்கன் கிரீஸே சரி. நைலோன் வளையம் உள்ள நட்டைப் புதிதாகப் போடுங்கள். பிறகு பள்ளத்தில் 'டக் டக்' என்று தட்டினால், முதலில் லிங்க் நட்டைத்தான் பார்க்க வேண்டும்.