ஜோகன்னஸ்பர்க்கில் இயற்பியல் ஆய்வு வாய்ப்பு: தேடும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

ஜோகன்னஸ்பர்க்கின் மிட்ராண்டிலோ லெனேசியாவிலோ வளர்ந்து பி.எஸ்சி. முடிக்கப்போகும் பிள்ளையும் சரி, தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வர நினைப்பவரும் சரி, முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஜோகன்னஸ்பர்க்கில் இயற்பியல் லேப் எங்கே இருக்கிறது?" கேள்வியிலேயே கோளாறு. நகர எல்லைக்குள் மட்டும் தேடினால் விட்ஸ் (விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம்), ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் என்று இரண்டு பெயரோடு தேடல் நின்றுவிடும்.

பெரிய கருவிகள் பல ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. பிரிட்டோரியாவில், தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில் லேசர் ஆய்வு நடக்கிறது. அளவீடுகளுக்கான தேசிய நிறுவனமும் அங்கேதான். பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபா அணு ஆய்வு மையத்தில் 1965 முதல் ஓடும் சஃபாரி-1 அணு உலை, 20 மெகாவாட். ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே ஹார்டபீஸ்டூக்கில் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி. 1961இல் நாசா தன் விண்கலங்களோடு பேசுவதற்காகக் கட்டியது, இன்று வானியலுக்கு உழைக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. முடுக்கிகளை வைத்து ஆய்வு செய்யும் தேசிய நிறுவனமான இதெம்பா லேப்ஸ் என்றதும் "அது கேப் டவுன் பக்கம் அல்லவா" என்று தள்ளிவிடுகிறார்கள். சைக்ளோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கி அங்கேதான், உண்மை. ஆனால் அதே நிறுவனத்தின் 6 மெகாவோல்ட் டேண்டம் முடுக்கி ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டெய்னில், விட்ஸை ஒட்டியே இருக்கிறது. பழைய கரித்துண்டு, எலும்பு ஆகியவற்றின் வயதைக் கணிக்க கார்பன்-14 சிதையும்வரை காத்திராமல், அணுக்களையே எண்ணிவிடும் முறை அங்கே உண்டு. அதனால் மில்லிகிராம் அளவு மாதிரியே போதும். அணு இயற்பியல் படித்தவருக்குத் தொல்லியல், நிலத்தடி நீர் ஆய்வு என்று கதவு திறப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். துறையின் பெயரை மட்டும் பார்த்துத் தேடுபவர் கண்ணில் இது படாது.

அடுத்தது மின்னஞ்சல். "ரெஸ்பெக்டெட் சார்" என்று தொடங்கி, "உங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் எந்தத் தலைப்பிலும் பணியாற்றத் தயார்" என்று முடியும் ஒரே கடிதம் நாற்பது பேருக்குப் போகிறது. அதைப் பெறுபவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றால் அந்த 'சார்' என்ன ஆவது? இங்கே 'ப்ரொஃபெசர்' என்றோ 'டாக்டர்' என்றோ போட்டு, கூடவே குடும்பப் பெயரை எழுதினால் போதும், பணிவை அடுக்க வேண்டியதில்லை. 'எந்தத் தலைப்பிலும் தயார்' என்பது அடக்கமாகத் தெரியாது. எதையும் படிக்கவில்லை என்றுதான் தெரியும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்த அளவீடு உங்களுக்குப் புரியவில்லை அல்லது எதை நீங்கள் செய்து பார்க்க முடியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். பைத்தான் தெரியும், வெற்றிடப் பம்பைக் கழற்றி மாட்டத் தெரியும் என்பது போன்ற கைவேலை விவரம் மதிப்பெண் பட்டியலைவிட வேகமாக வேலை செய்யும். பதில் வரவில்லையா? இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் வேண்டாம்.

படிப்பின் கட்டமைப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மூன்றாண்டு பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டு ஹானர்ஸ் என்று தனிப் படிப்பு உண்டு. அதை முடித்தால்தான் ஆய்வு முதுகலை. அது ஏதோ கூடுதல் சிறப்புப் பட்டம் என்று நினைத்து விட்டுவிட்டால் ஓராண்டு போச்சு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் பட்டங்களைச் சரிபார்க்கும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாக்வாவின் மதிப்பீட்டுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.

காலக்கணக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஜூனில் கல்லூரி திறக்கும். இங்கே கல்வியாண்டு ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. தேசிய ஆய்வு நிதி நிறுவனமான என்.ஆர்.எஃப். தரும் உதவித்தொகை வேண்டுமென்றால் முந்தைய ஆண்டே விண்ணப்பிக்க வேண்டும். அதன் பொதுக் கெடுவைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், உங்கள் பல்கலைக்கழகம் வைக்கும் உள் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். அந்தப் பணத்தில் பெரும்பங்கு குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான் போகிறது. வயது வரம்பும் உண்டு. வெளியிலிருந்து வருபவர் பேராசிரியரின் திட்ட நிதியைப் பற்றி முதல் உரையாடலிலேயே கேட்டுவிடலாம், அதில் கூச்சத்துக்கு இடமில்லை.

போக்குவரத்தைக் கடைசியில் யோசிப்பது இன்னொரு வழக்கம். ஜோகன்னஸ்பர்க்கின் பார்க் ஸ்டேஷனிலிருந்து கௌட்ரெயின் விரைவு ரயிலில் பிரிட்டோரியாவின் ஹாட்ஃபீல்டு போய்விட்டால் சி.எஸ்.ஐ.ஆர். பக்கம்தான். பெலிண்டாபாவும் ஹார்டபீஸ்டூக்கும் அப்படியல்ல, கார் இல்லாமல் தினசரி போய்வருவது பெரும்பாடு. பெலிண்டாபாவில் முன் அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்டவும் முடியாது.

அப்புறம், யாரையும் நேரில் பார்க்காமலேயே தேடுவது. தென்னாப்பிரிக்க இயற்பியல் கழகத்தின் ஆண்டு மாநாடு பெரும்பாலும் குளிர்காலத்தில், ஜூன் - ஜூலை வாக்கில் நடக்கும். போஸ்டர் அருகே நிற்கும் முனைவர் பட்ட மாணவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தக் குழுவில் அடுத்த ஆண்டு இடம் காலியாகிறது, எந்தக் கருவி பழுதாகிக் கிடக்கிறது, எந்தப் பேராசிரியர் மாணவரோடு உட்கார்ந்து பேசுவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.