பெரிய பீடிஎஃப்பைச் சின்னதாக்குவது எப்படி?

வந்தாறுமூலையில் படிக்கிற பிள்ளைகளின் ஆய்வறிக்கை மெயிலில் போகாமல் நிற்கிறது, கல்முனைப் பக்கம் கொமியுனிகேசன் கடையில் ஸ்கான் எடுத்த காணி உறுதி ஒன்லைன் படிவத்தில் ஏறுவதில்லை. இந்த முறைப்பாடு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. எங்கள் கோயில் கும்பாபிஷேக மலரை வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரருக்கு அனுப்ப வேண்டி வந்தபோது முழுதாகச் செய்து பார்த்த வழி இது. காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை.

கோப்பைப் பெரிதாக்குவது எழுத்து அல்ல, படம்தான். நூறு பக்கம் தட்டச்சு செய்தாலும் சில நூறு கேபிதான் வரும், போனில் எடுத்த ஒரே ஒரு போட்டோ மூன்று நான்கு எம்பி பிடிக்கும். ஸிப் செய்தாலும் பெரிதாகக் குறையாது, ஜேபெக் படம் (போன் போட்டோ வழக்கமாக இந்த வகைதான்) ஏற்கனவே சுருக்கப்பட்டதுதானே, பால் எடுத்த தேங்காய்ப்பூவைத் திரும்பப் பிழிந்து என்ன வரும்? ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. ஆனால் மெயிலில் போகும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு வரை பெருக்கும், அதனால் 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூலக் கோப்பை வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். குறைத்த படத்தைத் திரும்பத் தெளிவாக்க முடியாது.

வேர்ட் கோப்பு கையில் இருந்தால் அங்கேயே குறைப்பதுதான் நல்லது. ஏதாவது ஒரு படத்தைத் தெரிவு செய்து, பிக்சர் ஃபோர்மட்டில் கொம்பிரஸ் பிக்சர்ஸை அழுத்துங்கள். நிறையப் பேர் தடக்குவது இங்கேதான். திறக்கிற பெட்டியில் 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்பதில் சரி அடையாளம் தானாகவே இருக்கும். அந்த அடையாளத்தை நீக்காவிட்டால் அந்த ஒரு படம் மட்டும் குறையும், மற்றதெல்லாம் அப்படியே கிடக்கும், கோப்பு ஏன் சின்னதாகவில்லை என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருப்பீர்கள். அதை நீக்கிவிட்டு, வெட்டிய பகுதிகளை அழிக்கிற தெரிவில் மட்டும் சரி அடையாளத்தை அப்படியே விட்டுவையுங்கள், ஏனென்றால் நீங்கள் வெட்டி மறைத்த ஓரங்கள்கூட உள்ளே இருந்து இடம் பிடிக்கும். 150 பிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி, போதும். அப்புறம் சேவ் அஸ் போய், பீடிஎஃப் தெரிவு செய்து, மினிமம் சைஸ் கொடுங்கள்.

ஸ்கான் என்றால் எடுக்கும்போதே கவனியுங்கள். அங்கே அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை டிபிஐ என்பார்கள். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளி, 150இல் 1240க்கு 1754, அதாவது நாலில் ஒரு பங்கு. கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட், கலரில் 24 பிட். ஆனால் பழைய உறுதிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள்! மை மங்கிய கையெழுத்தும் முத்திரையும் காணாமல் போய்விடும். அவற்றுக்குக் கலரில் 200 டிபிஐதான் என் தெரிவு.

ஏற்கனவே ஸ்கான் ஆகி வந்த பீடிஎஃப்பை லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச மென்பொருளின் ட்ரோவில் திறந்து, எக்ஸ்போர்ட் அஸ் பீடிஎஃப் கொடுங்கள். அங்கே ஜேபெக் தரத்தை 90இலிருந்து 70 ஆக்கி, படத்தின் ரெசொலூசனை 150 டிபிஐ ஆக்கினால் சரி. பிறகு எல்லாப் பக்கத்தையும் பெருப்பித்துப் பாருங்கள், முக்கியமாக சின்ன எழுத்தையும் இலக்கங்களையும்.

சுருக்கித் தருகிற இணையத்தளங்கள் லேசானவைதான், நோட்டீஸ் மாதிரி விஷயத்துக்குப் பாவியுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிக் கணக்கு விபரம் எதையும் அங்கே ஏற்றவே வேண்டாம். அது வேறு யாரோ ஒருவரின் கணினிக்குப் போகிறது.

பிறகு சேர்த்தது: பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த பீடிஎஃப்பை ட்ரோவில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தாகச் சிதறுகிறது என்று இரண்டொருவர் கேட்டார்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். தட்டச்சு செய்தவரிடம் வேர்ட் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பாவியுங்கள், அது கோப்புக்குள் பதிந்திருக்கும் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். அதில் 'ஈபுக்' அமைப்பு 150 டிபிஐ, 'ஸ்கிரீன்' 72. ஸ்கிரீனில் படங்கள் மங்கிவிடும், ஈபுக்கையே எடுங்கள்.