யானைமலை, அரிட்டாபட்டி, அழகர்கோவில்: சைக்கிள் சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணியில் கிளம்பி ஒத்தக்கடை, நரசிங்கம்பட்டி வழியாக அரிட்டாபட்டி. அங்கிருந்து வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி தாண்டி அழகர்கோவில். பிறகு அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் வழியாக மறுபடி மதுரை. சுற்றி வந்தால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பாறையும் கண்மாயும் இப்படி மாறி மாறி வருகிற பாதை மதுரையைச் சுற்றி எனக்குத் தெரிந்து வேறில்லை. அதனால்தான், எதையும் பார்க்காமல் வெயிலில் வாடித் திரும்புகிறவர்களைக் கண்டால் மனசு கேட்பதில்லை.

எல்லாத் தவறுக்கும் தாய்த்தவறு ஒன்று உண்டு. "அறுபது கிலோமீட்டர்தானே, மூணு மணி நேரத்துல முடிச்சிரலாம்" என்று கணக்குப் போடுவது. மிதிக்க மூன்று மணி நேரம் போதும், சரி. ஆனால் இந்தப் பாதையில் நிற்கவும் நடக்கவும் அதே அளவு நேரம் வேண்டும். யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில், இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தது, ஆண்டு 770. அரிட்டாபட்டியில் சிவனுக்கு ஒரு குடைவரை, அதில் தமிழ்நாட்டில் அரிதாகவே காணக்கிடைக்கும் இலகுலீசர் (பாசுபத சைவத்தின் குருவாகக் கருதப்படுபவர்) சிற்பம். அதே ஊரின் கழிஞ்சமலைப் பக்கம் தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்துகளும், சமணத் தீர்த்தங்கரர் உருவமும், பிற்கால வட்டெழுத்தும். இவற்றையெல்லாம் சைக்கிளில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட முடியாது.

ஆகவே ஐந்து மணிக்கே சக்கரம் உருள வேண்டும். ஆறரைக்குக் கிளம்பினால் அரிட்டாபட்டிப் பாறையில் ஏறும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். மாசி பிறந்துவிட்டால் பத்து மணிக்கு மேல் பாறை அனலைக் கக்கும். கோயில் முன் செருப்பைக் கழற்றினால் நாலடி வைக்க முடியாது. பெடலில் மாட்டும் கிளீட் ஷூவோடு பாறைப் படியில் ஏறுவதும் வேண்டாம். வழுக்கும். ஒரு ரப்பர் செருப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆசைப்பட்டு மாங்குளத்தையும் அதே நாளில் சேர்ப்பது. பக்கத்தில்தான், மீனாட்சிபுரத்து மலை. சமணத் துறவி கணிநந்தாசிரியனுக்குப் பள்ளி, அதாவது தங்குமிடம், செய்து கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரே வருகிறது. 1882-ல் ஆங்கிலேய ஆய்வாளர் ராபர்ட் சீவல் கண்டெடுத்தது. அதை ஓட்டத்தோடு ஓட்டமாகப் பார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதை அல்ல. அதற்கென்று தனியாக ஒரு காலை வையுங்கள்.

திசையையும் யோசிக்க வேண்டும். அழகர்கோவிலை முதலில் முடித்துவிட்டு மேலூர் நான்குவழிச் சாலையில் திரும்பினால், களைத்த நேரத்தில் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். விடியுமுன் அந்தச் சாலையைக் கடந்துவிடுவதே நல்லது. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சர்வீஸ் ரோட்டிலும் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வண்டி வரும், அதை எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

அடுத்தது முள். கண்மாயில் தண்ணீர் தளும்புகிற மார்கழியில், கரை மேல் ஏற்றி ஓட்டினால் ஒரு பக்கம் நாரை, ஒரு பக்கம் பச்சை வயல் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கீழே மாடு பத்திக்கொண்டிருந்த பெரியவர் குரல் கொடுத்தார்: "தம்பி, கரை மேல சைக்கிள ஏத்தாதப்பா, முள்ளாக் கெடக்கு." "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, இறங்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போனேன். பின்சக்கரம் தரையில் உட்கார்ந்துவிட்டது. ட்யூப் மாற்றிக் காற்றடித்து ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மறுபடி பஞ்சர். முதல் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நின்றிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான். உள்பக்கம் விரலை வைத்து மெல்லத் தடவியபோதுதான் நறுக்கென்று குத்தியது.

சீமைக்கருவேல முள் அப்படித்தான். குத்தும், முறியும், உள்ளேயே இருக்கும். ட்யூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை முழுச் சுற்றும் விரலால் தடவிப் பாருங்கள். முள்ளைப் பிடுங்க நகம் போதாது, சின்ன இடுக்கி ஒன்று வேண்டும். இரண்டு ட்யூப், பேட்ச், பம்பு இல்லாமல் கிளம்பாதீர்கள். கரையில் சைக்கிளை உருட்டவும் வேண்டாம், தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். நடந்து போனால்தான் நீலத் தாழைக்கோழியும் நத்தைகுத்தி நாரையும் பறக்காமல் நிற்கும்.

அறுவடைக் காலத்தில் கிராமத்துத் தார் ரோடே களமாகிவிடும். நெல் காயும், கொள்ளுச் செடியை வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். வேகத்தில் அதன் மேல் ஏறிப் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். வைக்கோலும் செடித்தண்டும் செயினிலும் பின் கியரிலும் சுற்றிக்கொள்ளும். இறங்கி ஓரமாக உருட்டிச் செல்லுங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கல்வெட்டுகளுக்கு நடப்பது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும், எண்ணெய் தடவுவதும் இன்னும் நிற்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய எழுத்துக்கு அது கெடுதல். பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தாலே எழுத்து எழுந்து நிற்கும். காலை வெயில் எட்டாத குகையில் கைபேசி டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள், போதும்.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்பது அரசுக் கணக்கு. செங்குத்துப் பாறைகளில் வல்லூறுகள் இருக்கின்றன. அங்கே போய் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பதும் டிரோன் பறக்கவிடுவதும் பெரிய தவறு. கூட்டை விட்டு ஒரு முறை கலைந்த பறவை திரும்பி வரும் என்று நிச்சயமில்லை.

மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டிய பள்ளங்களில் பச்சைப் பசேலென்று தண்ணீர் நிற்கும். வெயிலில் வருகிறவனை அது கூப்பிடும். இறங்கவே இறங்காதீர்கள். சுவர்போல் வெட்டிய பாறை, சரிவு கிடையாது, ஆழமும் தெரியாது. நீச்சல் தெரிந்தவனுக்கும் ஏறி வரப் பிடிமானம் இருக்காது. உடம்பைக் குளிரவைக்க டீக்கடை ஓரத்து இளநீரும் உப்புப் போட்ட மோரும் இருக்கின்றன. குடிதண்ணீரை அரிட்டாபட்டிக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், மலைப் பக்கம் கடையை நம்பக் கூடாது.

அழகர்கோவிலில் குரங்குகள் ஜாஸ்தி. சைக்கிளில் பையைத் தொங்கவிட்டுப் போனால் ஜிப்பைத் திறந்து வாழைப்பழத்தை மட்டுமல்ல, ட்யூபையும் எடுத்துக்கொண்டு போகும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு வந்து போகிற நாட்களில் அந்தச் சாலை முழுக்க சனங்களுக்கு உரியது, அந்த வாரம் இந்தச் சுற்றே வேண்டாம். மற்ற நாட்களில் பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டுவிட்டு, பிரசாதக் கடையில் சம்பா தோசையைப் பிட்டுத் தின்று, பத்து மணிக்குள் அப்பன்திருப்பதி ரோட்டில் இறங்கிவிடுங்கள்.