ஊழியப் பயணத்தில் ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு

குறுகிய கால ஊழியப் பயணத்துக்குக் கிளம்பும் குழுவை முதலில் பைபிளில் உபாகமம் 24ஆம் அதிகாரம் வாசிக்கச் சொல்வேன். அடகு வாங்கப் போனால்கூடக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவரட்டும் என்கிறது அது. கடன் கொடுத்தவனுக்கே வாசல்தான் எல்லை. உதவிப் பொருள் பையைத் தூக்கிக்கொண்டு வரும் நமக்கு மட்டும் சலுகை உண்டா?

எந்த வீட்டுக்குப் போவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பட்டியல் உள்ளூர்ச் சபையிடமிருந்து வர வேண்டும். ஆதி எருசலேம் சபையில் கிரேக்கம் பேசிய யூத விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்தான். யார் விடுபட்டார்களோ, அவர்களை அறிந்தவர்களின் கையில் பொறுப்பு போனது.

ஒரு வீட்டுக்கு இருவர் போதும், கூடவே உள்ளூர்க்காரர் ஒருவர். பத்துப் பேராகத் திரண்டு போனால் தெருவே வேடிக்கை பார்க்கும். மறுநாள் அந்தக் குடும்பம்தான் அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உள்ளே அழைத்தால் போங்கள், காட்டிய இடத்தில் உட்காருங்கள், குடிக்க எதையாவது தந்தால் மறுக்காதீர்கள். கண் சுவரையும் கூரையையும் அளக்க வேண்டாம். எங்கள் குழுத் தம்பி ஒருவர் ஆர்வத்தில் ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, மூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு, மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தார். அதன்பின் நாங்கள் கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது.

ஜெபிக்கலாமா என்று கேட்பதற்கும் நேரம் உண்டு. பை உங்கள் கையில் இருக்கும்போது கேட்டால் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? பொருளைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் மறுத்தாலும் முகம் மாறாமல் பேசிக்கொண்டிருக்க உங்களால் முடியும் என்றால் கேளுங்கள். கைப்பேசியை வெளியே எடுக்க வேண்டாம். பிள்ளைகளைப் படம் எடுத்து யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

பொருட்களை அங்கேயே வாங்குங்கள். அந்த ஊர்க் கடைக்காரரும் பிழைக்க வேண்டும். குழந்தைகளுக்கான பால்மாவைக் கொண்டுபோகாதீர்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; சுத்தமான தண்ணீர் கிடைக்காத வீட்டில் கரைத்த மாவு வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். வீட்டில் மிச்சமான மாத்திரைகளும் வேண்டாம். சுவர் எழுப்புகிறேன் என்று கரண்டியைத் தூக்குவதற்கு முன், அந்த ஊரில் கூலிக்குக் காத்திருக்கும் கொத்தனார் உண்டா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருப்பார். அவருக்குக் கூலி கொடுத்துவிட்டு நீங்கள் கல் சுமக்கலாம்.

தனியாக அழைத்துப் பண உதவி கேட்பவர்கள் இருப்பார்கள். அங்கேயே பர்ஸைத் திறக்காதீர்கள், “பார்க்கலாம்” என்றும் இழுக்காதீர்கள். அவர்கள் சம்மதத்தோடு உள்ளூர்ப் போதகரிடம் சொல்லுங்கள். காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோகும்போது ஒருவரும் குற்றஞ்சாட்டாதபடி அப்போஸ்தலன் பவுல் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டார். நீங்களும் கணக்கை இருவர் கையெழுத்தோடு எழுதி, மீதியை உள்ளூர்ச் சபையிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகள் “மறுபடி எப்போது வருவீர்கள்?” என்று கேட்பார்கள். டிக்கெட் எடுக்காதவரை தெரியாது என்றே சொல்லுங்கள்.