எஸ்டிக்கும் எச்டிக்கும் டிவி நிறத்தைத் தனித்தனியாகச் சரிசெய்வது எப்படி?

எச்டி (அதிகத் தெளிவுள்ள) வீடியோவில் முகங்கள் இயல்பாக இருக்கின்றன, எஸ்டி (குறைந்த தெளிவுள்ள பழைய வகை) வீடியோ போட்டதும் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது, பச்சை மங்குகிறது என்றால், கலர் அளவை ஏற்றி இறக்கிப் பயனில்லை. எஸ்டி பிடி.601 தரத்திலும் எச்டி பிடி.709 தரத்திலும் வருகின்றன, இரண்டும் நிறத்தைக் கணக்கிடும் விதம் வேறு: வெளிச்சத்தில் பச்சையின் பங்கு முதலாவதில் சுமார் 59 சதவீதம், இரண்டாவதில் சுமார் 72. 601 படத்தை 709 கணக்கில் பிரித்தால் மேலே சொன்ன கோளாறு அப்படியே வரும்.

ஏன் தப்பான கணக்கு ஓடுகிறது? செட்டாப் பாக்ஸ் 576 வரிப் படத்தை 1080க்குப் பெரிதாக்கி அனுப்புகிறது, நிறக் கணக்கை மாற்றாமல் விட்டுவிட்டால் டிவி அதை எச்டி என்றே நினைத்துக்கொள்ளும். அதனால் முதலில் பாக்ஸின் வீடியோ அவுட்புட்டை 'நேட்டிவ்' அல்லது 'ஒரிஜினல்' (பெரிதாக்காமல் வந்தபடியே அனுப்புவது) என்று மாற்றிப் பாருங்கள்.

அது சரியானதும் டிவிக்கு வருவோம். அரை மணி நேரம் ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் வெளிச்சத்திலேயே உட்காருங்கள். பிக்சர் மோடில் 'சினிமா' அல்லது 'மூவி', கலர் டெம்பரேச்சரில் 'வார்ம்'. முதலில் மஞ்சளடித்த மாதிரி தெரியும், கண் பழகும்வரை பொறுங்கள், தரமான 6500 கெல்வின் வெள்ளைக்குப் பெரும்பாலும் நெருக்கமானது அதுதான். டைனமிக் கான்ட்ராஸ்ட், எனர்ஜி சேவிங் இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வைத்த அளவு காட்சிக்குக் காட்சி மாறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் பிரைட்னஸ். பெரும்பாலான டிவிகளில் இது கறுப்பின் அளவை மாற்றுவது, மொத்த வெளிச்சத்துக்கு பேக்லைட் தனியாக இருக்கிறது. இருட்டுக் காட்சி ஒன்றில் நிறுத்தி, கறுப்பு உடையின் மடிப்புகள் மறையும்வரை குறைத்து, அவை மீண்டும் லேசாகத் தெரியும் இடத்துக்கு ஏற்றுங்கள். கறுப்பு எப்படி வைத்தாலும் சாம்பலாகவோ நுணுக்கமே தெரியாத முழுக் கறுப்பாகவோ இருந்தால், எச்டிஎம்ஐ பிளாக் லெவலைப் பாருங்கள்: கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவைப் பாக்ஸ் 16–235 என்ற எண் வரம்பில் அனுப்ப, டிவி 0–255 என்று எதிர்பார்த்தால் (அல்லது நேர்மாறாக) இப்படி ஆகும். கான்ட்ராஸ்டுக்கு வெள்ளைச் சட்டையோ மேகமோ போதும், அதிலுள்ள நுணுக்கம் அழியத் தொடங்கும் முன் நிறுத்துங்கள்.

கலரைக் கடைசியில்தான் தொட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், கறுப்பும் வெள்ளையும் சரியில்லாத படத்தில் நிறத்தை மதிப்பிடவே முடியாது. கலரைச் சுழியத்துக்கு இறக்கி, மெதுவாக ஏற்றி, வெவ்வேறு தோல் நிறமுள்ள பலரின் முகங்களைப் பாருங்கள். கன்னம் வெயிலில் வெந்த மாதிரி ஆகும் முன் நிறுத்துங்கள். டின்ட் (நிறத்தைப் பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ சாய்ப்பது) நடுவிலேயே இருக்கட்டும்.

ஷார்ப்னஸை எச்டிக்கு விளிம்புகளில் வெள்ளைக் கோடு மறையும்வரை குறையுங்கள். எஸ்டிக்குக் கொஞ்சம் கூட்டலாம், படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் 'லோ'வில் வைக்கலாம். எச்டியில் அது தோலின் நுணுக்கத்தைத் துடைத்துவிடும்.

பல டிவிகள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி அமைப்பை நினைவில் வைக்கும், எஸ்டி வரும் கருவியை ஒன்றிலும் எச்டி கருவியை இன்னொன்றிலும் செருகுங்கள். ஒரே பாக்ஸில் இரண்டும் வந்தால் இரண்டு பிக்சர் மோடுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எச்டிஆர் (இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே அகன்ற வரம்புள்ள) வீடியோவுக்கு இந்த அளவுகள் பொருந்தாது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தனியாக வைக்க வேண்டும்.