மங்கலான படத்தை அழிக்க அவசரப்படாதீர்கள்

நியூயார்க்கின் பவுரி சாலையில் 1973 டிசம்பரில் திறக்கப்பட்ட சிபிஜிபி, 2006இல் மூடப்படும் வரை ஒடுங்கி நீண்ட, வெளிச்சம் குறைந்த மதுக்கூடமாக இருந்தது. ரமோன்ஸ், டெலிவிஷன் ஆகிய இசைக்குழுக்கள், பாடகி பட்டி ஸ்மித் எல்லாரும் புகழ் பெறும் முன்பே அங்கே வாசித்தவர்கள். பங்க் என்ற அந்த முரட்டு ராக் இசைக் காலத்தின் படங்களை அடிக்கடி எடுத்துப் பார்ப்பவன் நான். இன்று சிறு இசைக்குழுக்களைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

இருட்டைக் கண்டதும் யோசிக்காமல் ஃபிளாஷைத் தட்டுகிறோம். ஃபிளாஷில் எடுத்த அருமையான பங்க் படங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெளிச்சம் பல நேரம் அறையையே அழித்துவிடும். புகைப்படக்காரர் டேவிட் காட்லிஸ் 1976 முதல் சிபிஜிபியை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். பாரிஸின் இரவுகளைப் பதிவுசெய்த பிரசாய்தான் அவருக்கு முன்னோடி. குறைந்த ஒளியிலும் பதியும் ட்ரை-எக்ஸ் ஃபிலிம், கால் விநாடி வரை திறந்திருக்கும் ஷட்டர், ஸ்டாண்டு இல்லாத வெறுங்கை. அதனால்தான் தெருவிளக்கின் மங்கிய ஒளியும் நடைபாதையும் அவர் படங்களில் உயிரோடு இருக்கின்றன.

மேடையை மட்டுமே எடுப்பது அடுத்த தவறு. ராபர்ட்டா பேலி சிபிஜிபியின் வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்கியவர். ரமோன்ஸின் 1976 முதல் இசைத்தட்டின் அட்டைப்படம் அவர் எடுத்ததுதான். மேடையும் இல்லை, கிட்டாரும் இல்லை. தோல் ஜாக்கெட்டும் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸுமாக நான்கு பேர் செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கூர்மையாக விழாத படத்தை அன்றிரவே அழித்துவிடும் பழக்கம். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் கிளாஷ் குழுவின் பால் சிமனன், விறகு பிளப்பவர் கோடரியை ஓங்குவதுபோல பேஸ் கிட்டாரைத் தலைக்கு மேல் ஓங்கினார். முகம் தெரியவில்லை, குனிந்த முதுகும் அகட்டிய கால்களும்தான். தன்னை நோக்கி வந்தவரிடமிருந்து பின்வாங்கிக்கொண்டே பென்னி ஸ்மித் படமெடுத்தார். ஃபோகஸ் சரியில்லை, அட்டைக்கு வேண்டாம் என்றார் அவர். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பிடிவாதமாக நின்றார். அதுவே ‘லண்டன் காலிங்’ இசைத்தட்டின் அட்டையானது.

படத்தோடு குறிப்பு எழுதாமல் விடுவதும் பெரிய இழப்பு. ரசிகர்களை இருக்கையிலிருந்து எழவிடவில்லை என்ற எரிச்சலில்தான் சிமனன் கிட்டாரை உடைத்தார். இது தெரியாவிட்டால் வெறும் சாகசமாகவே தோன்றும். இத்தனை புகழ்பெற்ற படத்துக்கே 20ஆம் தேதி என்றும் 21ஆம் தேதி என்றும் இரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே நாள், இடம், அங்கிருந்தவர்களின் பெயர், நடந்தது என்ன என்பதை வீடு திரும்பிய அன்றே எழுதிவிடுங்கள்.