சின்ன டர்போ எஞ்சினுக்குப் பிஸ்டன்: எதை எடுப்பது, எப்படிக் கோட்டிங் போடுவது

டர்போ ஏற்றிய சின்ன எஞ்சினைப் பிரித்தால் பிஸ்டன் சேதம் பெரும்பாலும் மூன்று விதமாகத் தெரியும். முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள லேண்ட் (ரிங் காடிகளுக்கு இடையிலுள்ள வரப்பு) துண்டாக உடைந்திருந்தால் நாக்கிங், அதாவது ஸ்பார்க்குக்குப் பிறகு மிச்சக் கலவை தானாக வெடித்துத் தட்டுவது. பிஸ்டன் தலையில் மெழுகு உருகினாற்போல் ஓட்டை விழுந்திருந்தால் ப்ரீ-இக்னிஷன். ஸ்பார்க் வருமுன்பே ஏதோ ஒரு சூடான புள்ளி கலவையைப் பற்றவைத்துவிட்டது. ஸ்கர்ட் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பக்கச் சுவர்) மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுபட்டிருந்தால் இடைவெளி போதவில்லை, அல்லது எண்ணெய் போதவில்லை. கோட்டிங் மூன்றாவதற்கு ஓரளவு உதவும், இரண்டாவதற்குக் கொஞ்சம் தாமதம் வாங்கித் தரும். நாக்கிங்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே பூச்சுக்குப் போகுமுன் பிஸ்டனைச் சரியாக எடுக்க வேண்டும்.

கம்பெனி வார்ப்புப் பிஸ்டனில் சிலிக்கான் அதிகம். சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானமும் குறைவு. ஆனால் நாக்கிங் அடி விழுந்தால் வளையாமல் அப்படியே விண்டுபோகும். ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டனில் இரண்டு அலுமினியக் கலவைகள் புழக்கத்தில் உண்டு. 4032-இல் சுமார் 12% சிலிக்கான் இருப்பதால் விரிவு குறைவு, இறுக்கமாகப் பொருத்தலாம், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தட்டும் சத்தமும் அடங்கியே இருக்கும். 2618-இல் சிலிக்கான் அநேகமாக இல்லை. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும், ரிங் உட்காரும் காடியும் சீக்கிரம் தேயும். தினசரி ஓட்டும் வண்டி, மிதமான பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), நல்ல டியூனிங் என்றால் 4032 போதும். பூஸ்ட் அதிகம், எரிபொருள் தரம் நம்பகமில்லை என்றால் 2618-தான். தட்டும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது. 73 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 71.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள நாலு சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 299 சிசி. 10:1 வேண்டுமானால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 33.2 சிசி, 9:1-க்கு 37.4 சிசி. வித்தியாசம் 4.2 சிசி, அவ்வளவுதான். இதைப் பிஸ்டன் தலையில் ஆழமில்லாத குழியாக எடுக்க வேண்டும். தடித்த கேஸ்கெட் போட்டு எடுப்பவர்கள் உண்டு. அது தவறான வழி. ஓரத்தில் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 0.8 முதல் 1 மி.மீ. வரை இருக்க வேண்டிய நெருக்கம் போய்விடும், கலவை சுழலாது, கம்ப்ரஷனைக் குறைத்தும் நாக்கிங் நிற்காது.

வாங்குமுன் பின்னின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) விட்டம், அதன் மையத்திலிருந்து தலை வரை உயரம், எண்ணெய் ஜெட் (பிஸ்டனுக்குக் கீழிருந்து எண்ணெய் பீய்ச்சும் குழல்) ஸ்கர்ட்டில் இடிக்குமா, வால்வு பாக்கெட் (வால்வு இடிக்காதிருக்கத் தலையில் விட்ட பள்ளம்) ஆழம் ஆகியவற்றைப் பாருங்கள். முதல் ரிங் தலையை ஒட்டி இருக்கும் பிஸ்டன் டர்போவுக்கு வேண்டாம். மைலேஜுக்காகச் செய்த மெல்லிய லேண்ட்தான் முதலில் உடையும். நாலு பிஸ்டனும் எடையில் ஒரு கிராமுக்குள் ஒத்திருக்கட்டும்.

ஸ்கர்ட்டுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி 73 மி.மீ. போருக்கு, 4032 என்றால் 0.045–0.055, 2618 என்றால் 0.07–0.08 மி.மீ. பக்கம் வரும், பிஸ்டனோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. பின்னுக்கு 90 டிகிரியில், தாளில் சொன்ன உயரத்தில் அளக்க வேண்டும். ஸ்கர்ட் பீப்பாய் வடிவம் என்பதால் 5 மி.மீ. தள்ளி அளந்தாலே எண் மாறும். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு முதல் ரிங் போர் × 0.0055, அதாவது 0.40 மி.மீ.; இரண்டாவது 0.44. ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து 25 மி.மீ. தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ் போடுங்கள். குறைவாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் போரைக் கீறி, லேண்டையும் இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் கூடினால் புகை மட்டும்தான்.

கோட்டிங்

மூன்று வேலைகள், மூன்று பூச்சுகள். தலைக்கு செராமிக், 25 முதல் 50 மைக்ரான். ஸ்கர்ட்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு அல்லது கிராஃபைட் கலந்த உலர் பூச்சு, 10 முதல் 20 மைக்ரான். முதல் ரிங் காடிக்கு ஹார்டு அனோடைஸ், அதாவது அலுமினியத்தின் மேல் கெட்டியான ஆக்சைடு அடுக்கை வளர்ப்பது. இது முலாம் பூசும் இடத்தில் ஆகிற வேலை. அனோடைஸ் அடுக்கில் ஏறக்குறைய பாதி வெளிப்பக்கம் வளரும். 20 மைக்ரான் அடுக்கு என்றால் காடி இரண்டு பக்கமும் சேர்த்து 20 மைக்ரான் ஒடுங்கும். ரிங்கின் பக்க இடைவெளி 0.04 மி.மீ. இருந்தது 0.02 ஆகிவிடும், ரிங் சிக்கும். முன்னாலேயே கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

செராமிக்கும் ஸ்கர்ட் பூச்சும் பட்டறையிலேயே செய்யலாம். முதலில் வால்வு பாக்கெட்டின் கூர்முனைகளை 400 உப்புத்தாளால் மழுக்குங்கள். கூர்முனையில் பூச்சு நிற்காது, அதுவே சூடேறி ப்ரீ-இக்னிஷனுக்கும் வழிவிடும். அசிட்டோனில் கழுவி உலர்த்துங்கள். ஓடிய பிஸ்டன் என்றால் நன்றாகக் காய்ந்தபின் அடுப்பில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நுண்துளையில் ஒளிந்த எண்ணெய் வியர்த்து வெளிவரும், மறுபடி கழுவுங்கள். பின் துளை, ரிங் காடிகள், எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிகான் அடைப்பாலும் மூடி, 120 முதல் 220 மெஷ் அலுமினியம் ஆக்சைடால், 2 முதல் 3 பார் அழுத்தத்தில் பிளாஸ்ட் செய்யுங்கள். பளபளப்பு போய் ஒரே சீரான சாம்பல் நிறம் வந்தால் போதும். அதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. விரல் ரேகை பட்ட இடத்தில்தான் பூச்சு முதலில் உரியும்.

பிஸ்டனை 50 டிகிரிக்குச் சூடாக்கி, டப்பாவை அடிவரை நன்றாகக் குலுக்கி (கனமான தூள் அடியில் தங்கிவிடும்), சின்ன நாசிலில் மெல்லிய மூன்று நான்கு கைகளாக அடியுங்கள். ஈரமாக வழிந்தால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். கால் மணி நேரம் காற்றில் விட்டபின் அடுப்பு. கரைப்பான் ஆவியோடு உள்ளே வைத்தால் தீப்பிடிக்கும். வெப்பமும் நேரமும் டப்பாவில் போட்டபடி. பல பூச்சுகள் 150 முதல் 180 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். 200-ஐத் தாண்டி நெடுநேரம் வைத்தால் பிஸ்டனின் கடினத்தன்மையே இறங்கும். அடுப்பின் டயலை நம்பாமல் தெர்மோகப்பிள் ஒன்றைப் பிஸ்டனை ஒட்டி வையுங்கள். இந்த அடுப்பு இனி சமையலுக்கு ஆகாது.

ஆறியபின் அசிட்டோன் தோய்த்த துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் இறுகவில்லை. பிறகு மைக்ரோமீட்டர்: ஸ்கர்ட்டில் ஒரு பக்கம் 15 மைக்ரான் ஏறினால் விட்டத்தில் 30. இதைப் பார்க்காமல் 4032 பிஸ்டனைப் பழைய அளவுப் போரில் இறக்கினால், வைத்த 0.05-இல் பாதிக்கு மேல் போயே போயிற்று. ஹோனிங் (போரைக் கல்லால் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது) செய்யுமுன் பூச்சை முடித்துவிடுவது இதற்காகத்தான். தலையில் 40 மைக்ரான் செராமிக் பிடிக்கும் இடம் 0.17 சிசிதான், 9:1 என்பது 9.04 ஆகும், கவலை வேண்டாம். ஆனால் நன்றாக இருக்கட்டுமே என்று 100 மைக்ரான் அடித்தால் செதில் செதிலாகப் பெயர்ந்து, ஒன்று போரைக் கீறும் அல்லது டர்பைன் இறக்கையில் போய் மோதும்.

பொருத்தும்போது ஸ்கர்ட்டில் கிரீஸ் அப்பாமல் எஞ்சின் ஆயிலை விரலால் மெல்லப் பூசினால் போதும். முதல் 500 கி.மீ. பூஸ்டைக் குறைத்து வைத்து ஓட்டி, ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் பொடி கொஞ்சம் இருந்தால் அது ஸ்கர்ட் பூச்சு போருக்குப் பழகியதன் மிச்சம். மினுங்கும் அலுமினியத் துகள் இருந்தால் ஹெட்டைக் கழற்றுங்கள்.